கணினி வழி ரிக்: அனுப்பு கம்பியும் நிறுத்து சுவிட்சும்

ரிக்கை, அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் ஹாம் ரேடியோ கருவியை, கணினியோடு இணைக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் எந்த கேபிள் வாங்குவது என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் எளிது, பின்னால் வருகிறது. அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ரிக் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி உறைந்துபோனால் அனுப்புதலை நிறுத்துவது யார்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

கணினிக்கும் ரிக்குக்கும் நடுவே மூன்று விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று, அலைவரிசையையும் மோடையும் மாற்றும் கட்டளை. ஹாம்கள் இதைச் சுருக்கமாக சிஏடி என்பார்கள். இரண்டாவது, போகவும் வரவும் ஒலி. மூன்றாவது பிடிடி, அதாவது கைமைக்கில் பேசுவதற்கு அழுத்தும் பட்டனின் வேலை. முதல் இரண்டில் தவறு நேர்ந்தால் தொடர்பு கிடைக்காது, அவ்வளவுதான். மூன்றாவதில் தவறினால் கேட்பாரில்லாமல் ரிக் அனுப்பிக்கொண்டே இருக்கும். இறுதிநிலை டிரான்சிஸ்டர் வேகும். அந்த அலைவரிசையில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் தொல்லை. ஆகவே மூன்றையும் ஒரே கேபிளுக்குள் அடைத்துவிடலாம் என்ற ஆசை வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். சிவகாசிக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பட்டாசு மருந்து ஒரு அறையில், திரி ஒரு அறையில் என்று பிரித்து வைக்கும் ஊர் அது.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் அனுப்பும் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, ரெஸ்ட்ரிக்டட் அல்லது ஜெனரல் தரத்தில் வியூ3 அல்லது வியூ2 என்று தொடங்கும் கால்சைன் கையில் வந்த பிறகு இந்த அத்தியாயத்தைச் செய்து பாருங்கள். அதுவரை படித்து வைக்கலாம்.

அலைவரிசை சொல்லும் கம்பி

சிஏடி என்பதில் மாயம் எதுவும் இல்லை. சில பைட்டுகள் ஒரு சீரியல் கம்பியில் போகின்றன, ரிக் அவற்றைப் படித்துக் கீழ்ப்படிகிறது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. கென்வுட் ரிக்குகள் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகளையே எதிர்பார்க்கும்: இரண்டு எழுத்துக் கட்டளை, பிறகு அலைவரிசை எண், கடைசியில் ஒரு அரைப்புள்ளி. ஐகாமின் சிஐ-வி முறையில் ஒவ்வொரு ரிக்குக்கும் ஒரு முகவரி உண்டு. ஐசி-7300க்கு அது பதினறும எண்ணில் 94. அலைவரிசையின் இலக்கங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கடைசியிலிருந்து தலைகீழாகப் போகும். யேசுவின் எஃப்டி-817 ஐந்தே பைட்டில் முடித்துவிடும். 14.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போகச் சொல்ல வேண்டுமானால் 01 40 74 00 01. முதல் நான்கு பைட்டுகளைச் சேர்த்து வாசித்தால் பத்து ஹெர்ட்ஸ் கணக்கில் அலைவரிசை வந்துவிடும். கடைசி 01தான் அலைவரிசையை மாற்று என்ற கட்டளை.

இதே ரிக்கில் அனுப்பு என்பதற்குக் கடைசி பைட் 08. நிறுத்து என்பதற்கு 88. இந்த இரண்டு எண்களையும் மறக்காதீர்கள். 08 போய்ச் சேர்ந்து 88 போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று பிறகு பார்ப்போம்.

இத்தனை பாஷைகளையும் நீங்கள் கற்க வேண்டியதில்லை. ஹாம்லிப் என்ற இலவச மென்பொருள் நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. நூற்றுக்கணக்கான ரிக்குகளின் பாஷை அதற்குத் தெரியும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், எஃப்எல்டிஜி போன்ற செயலிகள் அதன் தோளில் ஏறித்தான் ரிக்கோடு பேசுகின்றன. ரிக்கின் பெயர், சீரியல் போர்ட் எண், பாட் வேகம் ஆகிய மூன்றைச் சரியாகக் கொடுத்தால் போதும். பாட் வேகம் ரிக்கின் மெனுவில் ஒன்றாகவும் செயலியில் வேறொன்றாகவும் இருப்பதுதான் 'ரிக் பேசவில்லை' என்ற புகாரில் பாதிக்குக் காரணம். மீதிப் பாதி கேபிளுக்குள் இருக்கும் சிப். போலி சிப் போட்ட மலிவு யூஎஸ்பி கேபிள்கள் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்ததும் படுத்துவிடும். எஃப்டிடிஐ அல்லது சிபி2102 சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஐசி-7300 போன்ற புது ரிக்குகளில் சீரியலும் ஒலி அட்டையும் உள்ளேயே இருக்கின்றன. ஒரு சாதாரண பிரிண்டர் கேபிள் போதும், அது அச்சக ஊரான சிவகாசியில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

லட்சம் ரூபாய் ரிக் எல்லோராலும் முடியாது. இந்தியாவில் அதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், கால்சைன் வியூ2ஈஎஸ்ஈ, பிட்எக்ஸ் என்ற எளிய எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) ரிக்கை வடிவமைத்து அதன் சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டார். ஆரம்பத்தில் எல்லாரும் பழைய பாகங்களைப் பொறுக்கிக் கையால் செய்தார்கள். 2016இல் பிட்எக்ஸ்40 தயார் போர்டாக வந்தது. 2017 டிசம்பரில் மைக்ரோ பிட்எக்ஸ் வந்தது. 80 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லா ஹாம் பட்டைகளும் அதில் உண்டு. அதன் காயில்களைப் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றியது. கைவேலையில் பேர் வாங்கிய சிவகாசிப் பக்கத்து ஆட்கள் அந்தச் சுற்றின் நேர்த்தியைப் பார்த்தால் மெச்சுவார்கள்.

மைக்ரோ பிட்எக்ஸின் மூளை ஆர்டுயினோ நானோ. அதில் வரும் நிரல் கணினியிடம் தன்னை எஃப்டி-817 என்று சொல்லிக்கொள்ளும். ஆகவே செயலியில் யேசு எஃப்டி-817 என்று தேர்ந்தெடுத்து 38400 பாட் வைத்தால் வேலை முடிந்தது. ஒரு கோளாறு மட்டும் உண்டு. கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நானோ ரீசெட் ஆகி மறுபடி உயிர்பெறும். அந்த ஓரிரு நொடியில் செயலி கேள்வி கேட்டுப் பதில் வராமல் முகம் சுளித்துப் பிழைச்செய்தி போடும். ரீசெட் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் தொல்லை தீரும். நிரலை மாற்றி ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும். செயலி ரிக்கிடம் நிலவரம் கேட்கும் இடைவெளியையும் ஒரு நொடியிலிருந்து மூன்று நான்கு நொடிக்குத் தள்ளி வையுங்கள். நானோ சின்னப் பிராணி, அதட்டிக்கொண்டே இருந்தால் தடுமாறும்.

அனுப்பச் சொல்லும் கம்பி

பிடிடியை அழுத்த மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அவை கெட்டுப்போகும் விதத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வாக்ஸ் முறையில் ஒலி வந்தால் ரிக் தானே அனுப்பும், ஒலி நின்றால் தானே நிற்கும். கம்பி எதுவும் வேண்டாம். கணினி செத்தால் ஒலியும் சாகும், ரிக் கேட்பு நிலைக்குத் திரும்பும். இந்த வகையில் இது நல்ல பிள்ளை. ஆனால் எந்த ஒலி வந்தாலும் அனுப்பும். வாட்ஸாப் செய்தி வந்த 'டிங்' சத்தம், விண்டோஸ் மணி, பக்கத்து டேப்பில் ஓடும் யூடியூப் பாட்டு எல்லாமே வானில் ஏறும். கணினியின் சாதாரண ஒலிகளுக்கு ஒரு ஒலி அட்டை, ரிக்குக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி ஒலி அட்டை என்று பிரித்தால்தான் வாக்ஸைத் தொடலாம்.

சிஏடி முறையில் மேலே சொன்ன 08, 88 மாதிரிக் கட்டளைகளே பிடிடியை இயக்கும். வசதியில் இதற்கு ஈடு இல்லை. கெட்டுப்போகும் விதத்தில் இதுதான் மோசம். அனுப்பு என்ற கட்டளை போன பிறகு கேபிள் கழன்றாலோ, கணினி உறைந்தாலோ, யூஎஸ்பி துண்டானாலோ, நிறுத்து என்ற கட்டளை வரவே வராது. ரிக் கடைசியாகக் கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதற்கு ரிக்குக்குள்ளேயே ஒரு காவல் இருக்க வேண்டும். ஐசி-7300இன் மெனுவில் சிஐ-விக்கென்றே ஒரு டைம்-அவுட் டைமர் இருக்கிறது, அதை மூன்று நிமிடத்தில் வையுங்கள். யேசு ரிக்குகளின் மெனுவில் டிஓடி என்ற பெயரில் தேடிப் பாருங்கள். இப்படி எதுவும் இல்லாத ரிக்கில் சிஏடி வழியாக அலைவரிசையை மட்டும் மாற்றுங்கள். பிடிடியை அதனிடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ் முனையைக் கொண்டு ஒரு டிரான்சிஸ்டரை அல்லது ஆப்டோகப்ளரை இயக்கி ரிக்கின் பிடிடி முனையைக் கிரவுண்டோடு சேர்ப்பது. பாகங்கள் ஐம்பது ரூபாய்க்குள் முடியும். பழைய 9 முனை சீரியல் போர்ட் என்றால் ஆர்டிஎஸ் முனையிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டர் ரிக்கின் பிடிடிக்கு. அந்தப் போர்ட் சும்மா இருக்கும்போது ஆர்டிஎஸ் மைனஸ் வோல்டேஜில் இருக்கும். அது பேஸ் சந்தியைக் கெடுக்காமல் இருக்க, பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 1என்4148 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட வேண்டும். டிரான்சிஸ்டருக்குப் பதில் பிசி817 ஆப்டோகப்ளர் போட்டால் கணினியின் கிரவுண்டும் ரிக்கின் கிரவுண்டும் இந்தக் கம்பியில் ஒட்டாது. நான் சொல்வேன், ஆப்டோகப்ளரே போடுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் சின்ன யூஎஸ்பி-டிடிஎல் போர்டுகளில் ஆர்டிஎஸ் முனை எதிர்மறையாக வேலை செய்யும். சும்மா இருக்கும்போது 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட், இயங்கும்போது பூஜ்யம். மேலே சொன்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை இதில் அப்படியே போட்டால், யூஎஸ்பியைச் செருகிய கணமே ரிக் அனுப்பத் தொடங்கிவிடும். செயலி 'அனுப்பு' என்று சொல்லும்போது நிற்கும்! இந்தப் போர்டுகளில் ஆப்டோகப்ளரின் எல்ஈடியை விசிசி முனைக்கும் ஆர்டிஎஸ் முனைக்கும் நடுவே, 1 கிலோஓம் ரெசிஸ்டரோடு இணைக்க வேண்டும். ஆர்டிஎஸ் பூஜ்யத்துக்கு இறங்கும்போது மட்டும் எல்ஈடி எரியும், ரிக் அனுப்பும். யூஎஸ்பியைப் பிடுங்கினால் விசிசியே போய்விடும், எல்ஈடி அணையும், ரிக் கேட்பு நிலைக்கு வந்துவிடும். கெட்டாலும் நல்ல பக்கம் கெடும் சர்க்யூட் இது.

கணினி பூட் ஆகும்போதும், யூஎஸ்பியை அடையாளம் காணும்போதும், ஆர்டிஎஸ், டிடிஆர் முனைகள் ஓரிரு நொடி தாறுமாறாக ஆடும். அந்நேரம் ரிக் ஆனில் இருந்தால் 'டக் டக்' என்று ரிலே அடிப்பது கேட்கும். கணினியை முதலில் ஆன் செய்து, செயலியைத் திறந்து, அதன் பிறகே ரிக்கை ஆன் செய்யும் பழக்கத்தைக் கைக்கு ஏற்றுங்கள்.

கடைசியாக, இந்த பிடிடி கம்பியின் நடுவே சாதாரண டாகிள் சுவிட்ச் ஒன்றை வைத்து, மேசையின் முன்விளிம்பில் கைக்கு எட்டும் இடத்தில் திருகுங்கள். சுவிட்சை நிமிர்த்தினால்தான் கணினியால் அனுப்ப முடியும். எழுந்து போகும்போது தாழ்த்திவிட்டுப் போங்கள். பிடிடி சிஏடியில் போகும் ரிக்காக இருந்தால் இந்தச் சுவிட்சால் பயனில்லை. அப்போது 13.8 வோல்ட் சப்ளையின் சுவிட்ச்தான் அந்த இடத்தில் இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் குனிந்து தேடுகிற மாதிரி வைக்காதீர்கள்.

கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

எல்லாம் கட்டி முடித்த பிறகு ஆன்டெனாவைச் செருகாதீர்கள். முதலில் 50 ஓம் டம்மி லோடு. வாங்க முடியாவிட்டால் 1 கிலோஓம் 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்கவாட்டில் இணைத்துச் சாலிடர் செய்யுங்கள். 50 ஓம் வரும், 40 வாட் வரை தாங்கும். மைக்ரோ பிட்எக்ஸ் 40 மீட்டரில் கொடுப்பது சுமார் 10 வாட்தான், தாராளம்.

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் செட்டிங்ஸில் ரேடியோ பக்கத்தைத் திறந்தால் டெஸ்ட் சிஏடி, டெஸ்ட் பிடிடி என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். முதல் பட்டன் பச்சையானால் ரிக் பேசுகிறது. இரண்டாவது பட்டனை அழுத்தினால் சிவப்பாகி ரிக் அனுப்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும். பெரும்பாலானவர்கள் இத்தோடு திருப்தியடைந்து ஆன்டெனாவைச் செருகிவிடுகிறார்கள்.

நீங்கள் இன்னும் கொஞ்சம் கொடுமைக்காரராக இருங்கள். ரிக் அனுப்பிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். எத்தனை நொடியில் கேட்பு நிலைக்கு வருகிறது என்று பாருங்கள். மறுபடி இணைத்து, அனுப்பும்போது செயலியை டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்லுங்கள். பிறகு லேப்டாப்பின் மூடியைச் சாத்துங்கள். பிறகு வீட்டு மெயினை இறக்கி ஏற்றுங்கள். இன்வெர்ட்டரில் லேப்டாப்பும், கரண்டில் ரிக்கும், அல்லது மாறி மாறி இருக்கும் வீடுகளில் இது தினமும் நடக்கும் விஷயம். நான்கு சோதனையிலும் ரிக் தானாகக் கேட்பு நிலைக்கு வந்தால் உங்கள் நிலையம் தயார். ஒன்றில் தவறினாலும் டைம்-அவுட் டைமரையோ, பிடிடி முறையையோ மாற்றாமல் மேலே போகாதீர்கள். விண்டோஸின் பவர் செட்டிங்கில் தூக்கத்தையும், யூஎஸ்பியைத் தானே அணைக்கும் வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

ஒலி, சூடு, மணி

கணினி வழி அனுப்புதலில் இன்று பெரும்பாலோர் ஓட்டுவது எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோட். அமெரிக்க வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்டது இது. டெய்லர் 1993இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். ஓய்வில் இந்த விளையாட்டு. காதுக்கே எட்டாத பலவீன சிக்னலையும் எஃப்டி8 படித்துவிடும். ஒவ்வொரு 15 நொடியும் ஒரு முறை, அதில் 12.64 நொடி தொடர்ந்து அனுப்புதல், பிறகு அடுத்தவர் முறை. அதாவது ஒரு தொடர்பு முடியும் வரை ரிக் பாதி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முழு மூச்சில் வேலை செய்யும். பேச்சில் வரும் இடைவெளி இதில் கிடையாது.

சித்திரை வைகாசி வெயிலில் விருதுநகர் மொட்டைமாடி அறையில் ரிக்கை வைத்துக்கொண்டு 100 வாட்டில் எஃப்டி8 ஓட்டுவது ரிக்குக்குச் செய்யும் பாவம். 100 வாட் ரிக்கை 30 வாட்டில் வையுங்கள். உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் வரம்பையும் பாருங்கள். மைக்ரோ பிட்எக்ஸில் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்களின் ஹீட் சிங்க் மேல் ஒரு 12 வோல்ட் கணினி ஃபேனைத் திருப்பி வையுங்கள். ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பவர் கூடும் என்று நினைக்க வேண்டாம். ரிக்கின் ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) முள் அசையத் தொடங்குமுன் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் உங்கள் சிக்னல் பக்கத்தில் இருப்பவர்கள் மேலும் விழும். செயலியில் ஸ்பிளிட் என்ற இடத்தில் 'ஃபேக் இட்' தேர்ந்தெடுத்தால், ஒலி எப்போதும் 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும்படி ரிக்கின் அலைவரிசையைச் செயலியே நகர்த்திக்கொள்ளும். அதனால் ஒலியின் இரட்டிப்பு அலைகள் ரிக்கின் வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும்.

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் டிஎக்ஸ் வாட்ச்டாக் என்று ஒன்று உண்டு. நீங்கள் தொடாமல் 6 நிமிடம் அனுப்பிக்கொண்டிருந்தால் தானே நின்றுவிடும். எரிச்சலாக இருக்கிறது என்று இதை அணைப்பவர்கள் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் இல்லாமலேயே ராத்திரி முழுக்கத் தொடர்பு பிடிக்கும் மாற்று நிரல்களை நிறுவுபவர்களும் உண்டு. எனக்கு அது புரியாத சந்தோஷம். உரிமம் வாங்கியது ஒரு ஆள், நாற்காலியில் இருக்க வேண்டியதும் அந்த ஆள்.

கணினியின் மணி ஒரு நொடிக்கு மேல் பிசகினால் எஃப்டி8 திணறும். நெட் இருந்தால் கணினி தானே சரிசெய்துகொள்ளும். டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரையும் அமைக்கலாம். செண்பகத்தோப்பு மாதிரி மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத இடத்துக்கு ரிக்கை எடுத்துப் போனால் ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் கூடவே போகட்டும். தொடர்புகளின் லாக் எல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழித்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்கு முன் போட்ட தொடர்புகள் முந்தைய தேதியில் விழும்.

செயலி உலக வரைபடத்தில் உங்கள் ஊர் விழும் கட்டத்தின் எண்ணை (கிரிட்) கேட்கும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் எம்ஜே89. ஆனால் 78ஆவது தீர்க்கரேகை விருதுநகர் மாவட்டத்தைக் கிழக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் எம்ஜே99இல் விழுகின்றன. ஒரே மாவட்டத்தில் இரண்டு கட்டம். கட்டம் சேர்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் எம்ஜே99ஐப் பார்த்தால் ஓடி வருவார்கள், அருப்புக்கோட்டை நண்பர்கள் தயாராக இருக்கலாம்.

திரும்பி வரும் அலை

டம்மி லோடில் ஒழுங்காக வேலை செய்த எல்லாம் ஆன்டெனாவைச் செருகியதும் தலைகீழாகும். அனுப்பத் தொடங்கியதும் மவுஸ் உறையும், யூஎஸ்பி 'டொய்ங்' என்று துண்டாகும், ரிக் அனுப்பு நிலையிலேயே நிற்கும். பிடுங்கும் சோதனையில் தேறாதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

காரணம், ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய அலையில் ஒரு பங்கு காக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் ஏறி வீட்டுக்குள் வருகிறது. யூஎஸ்பி கேபிளும் அதற்கு ஒரு ஆன்டெனாதான். காக்ஸை ஆன்டெனா முனையில் ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றி சோக் செய்யுங்கள். யூஎஸ்பி கேபிளைக் கூடுமானவரை குட்டையாக வாங்கி, இரண்டு முனையிலும் கவ்வி ஃபெரைட் போடுங்கள். ஒருமுனை ஊட்டு ஆன்டெனா கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். 49க்கு 1 டிரான்ஸ்பார்மர் போட்ட அந்தக் கம்பியின் முனையில் சுமார் 2450 ஓம் மின்மறுப்பு. 100 வாட் கொடுத்தால் அங்கே 500 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட நிற்கும். அந்த முனையைக் குழந்தைகள் எட்டும் உயரத்தில் கட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பதிலும் ஒரு உள்ளூர்ச் சங்கடம் உண்டு. ஆஃப்செட் அச்சகத்துக்குப் பக்கத்து வீடு என்றால், மெஷின் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் 40 மீட்டர் பட்டை முழுவதும் 'கிர்' என்று இரையும். காலண்டர் சீசனில் ராத்திரியும் ஓயாது. ஆன்டெனாவை அச்சகத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

பட்டாசு ஆலைகளுக்கு நடுவே

எரிக்கும் திரிக்கு ரேடியோ அலை தெரியாது. இரண்டு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மின்பற்றவைப்பிக்குத் தெரியும். அந்த இரண்டு கம்பியும் ஒரு சின்ன ஆன்டெனாவாகிவிட, உள்ளே இருக்கும் மெல்லிய இழையைச் சூடாக்கும் அளவு மின்சாரம் வரக்கூடும். பெரிய வாணவேடிக்கைக் காட்சிகளில் இத்தகைய பற்றவைப்பிகள் பயன்படுகின்றன. கல்குவாரிகளில் மின்கம்பி இணைத்த டெட்டனேட்டர் இருந்தால் அங்கும் இதே கதை. அதோடு, அலுமினியப் பொடி கலந்த மருந்து புழங்கும் இடத்தில் ஆன்டெனா முனையிலிருந்தோ, அதன் அருகே உள்ள இரும்பு வேலியிலிருந்தோ ஒரு பொறி போதும். ஆபத்தின் தூரம் பவரின் வர்க்கமூலத்தோடு கூடும். அதாவது பவரை நான்கு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்கு.

ஆகவே ஆலை வளாகத்துக்குள், குடோனுக்குள், மருந்து ஏற்றி நிற்கும் லாரிக்குப் பக்கத்தில் அனுப்பக் கூடாது, வாக்கி-டாக்கியையும் சேர்த்துத்தான். செல்போனையே வாசலில் வாங்கி வைக்கும் ஆலைகள் உண்டு. நம் ரிக் அதைவிட எத்தனையோ மடங்கு பவர். வீடு ஆலைக்கு அருகில் என்றால் ஆன்டெனா கட்டுமுன் ஃபோர்மேனைப் போய்ப் பாருங்கள். "அண்ணாச்சி, மாடியில ஒரு ரேடியோ கம்பி கட்டப் போறேன், உங்க பக்கம் கரண்ட்ல பத்தவைக்கிற சரக்கு ஏதும் இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். "இருக்கு தம்பி" என்றால் இடத்தை மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் சிவகாசியிலேயே வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுதிக் கேட்கலாம். கணினி தானாக அனுப்பும் நிலையத்துக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கையால் அனுப்புபவர் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தால் நிறுத்துவார், கணினி பார்க்காது.

இடி

இடி நெருங்கினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவது பட்டாசு ஆலைகளில் விதி. ஹாம் அறைக்கும் அதையே வையுங்கள். கோடை மாலை இடியும், ஐப்பசி கார்த்திகை வடகிழக்குப் பருவமழை இடியும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

கணினி இணைத்த நிலையத்தில் இடியின் பாதை நீளமானது. ஆன்டெனாவில் இறங்கி, காக்ஸ் வழியாக ரிக்குக்குள் புகுந்து, யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குத் தாவி, சார்ஜர் வழியாக வீட்டு மின்சாரத்தில் கலக்கும். யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று சிலர் தெம்பாக இருப்பார்கள். அது ஒலியில் வரும் ஹம் சத்தத்தைத் தீர்க்கும், இடியைத் தடுக்காது. வரிசை இதுதான்: முதலில் காக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எர்த் கட்டையில் மாட்டுங்கள், பிறகு யூஎஸ்பி, பிறகு ரிக் சப்ளையின் பிளக், கடைசியில் லேப்டாப் சார்ஜர். இடி தலைக்கு மேல் வந்துவிட்டது என்றால் எதையும் தொடாமல் அறையை விட்டு வெளியே வாருங்கள்.

எர்த் கம்பியைச் சாத்தூர், விருதுநகர் பக்கத்துக் கரிசலில் இறக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண் அருமையான எர்த். பங்குனியில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது கம்பியைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். இரண்டு மூன்று கம்பிகளை ஆழமாக, ஒரு கம்பி நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இறக்கி, மேலே செம்புக் கம்பியால் ஒன்றாகக் கட்டுங்கள். ரிக், சப்ளை, காக்ஸ் அரெஸ்டர் எல்லாம் அந்த ஒரே புள்ளியில் சேர வேண்டும். வீட்டு மின்சார எர்த்தையும் அதோடு இணைக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆலைகளில் இடிதாங்கியின் எர்த்தை மெகர் கொண்டு அளந்து பார்க்க வருகிறவர்கள் உங்கள் தெருவுக்கும் வருவார்கள். கோடை தொடங்குமுன் ஒரு முறை அளந்து, எண்ணை லாக் புத்தகத்தின் பின் அட்டையில் தேதியோடு குறித்து வையுங்கள்.